தலைவிக்குச் சளி பிடிக்காது

இல்லைங்க டாக்டர், நான் ஏரியில இறங்கினது ஒன்பது மணிக்கு இல்ல. ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள், காலையில எட்டு மணி. வெளியில மைனஸ் பதினொண்ணு. முப்பது வருஷம் பௌதிகம் நடத்தினவ நான், அளவுன்னா சரியா இருக்கணும். எழுதியாச்சா? ஆனா காய்ச்சலுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல மட்டும் குளிர்னு எழுதிடாதீங்க. படியில வழுக்கினேன்னு எழுதுங்களேன்.

சிரிக்காதீங்க. நீங்க வார்சாவிலேர்ந்து வந்து மூணு மாசந்தான் ஆச்சு, எங்க வால்ரஸ் சங்கத்தைப் பத்தித் தெரியாது. உறைஞ்ச ஏரியில முங்குறவங்க சங்கம். இருபத்திரண்டு வருஷமா நான்தான் தலைவி. சளி பிடிச்சவங்க பதவியில இருக்கக் கூடாதுன்னு விதி போட்டதும் நான்தான். போன வருஷம் ஒரே ஒரு தும்மலுக்காகக் கசாப்புக்கடை கிராஜினாவைப் பொருளாளர் நாற்காலியிலேர்ந்து இறக்கினேன். இப்ப உங்க சீட்டுல என்ன இருக்குன்னு பார்க்க, கீழ பூங்கொத்தோட நிக்கறா. பூ எனக்கில்ல டாக்டர், அடுத்த தலைவியாகப் போற அவளுக்கே.

இத்தனை வருஷம் வராதது இப்ப ஏன்னா? நல்ல கேள்வி. என் வகுப்புல இருந்திருந்தா முதல் பெஞ்சுல உக்கார வெச்சிருப்பேன்.

எங்க மின்நிலையம் பார்த்திருப்பீங்க. நிலக்கரிப் புகைக்கு அரசாங்கம் வரம்பு கட்டணும்னு மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னோடது. இன்னைக்குக் கேட்டாலும் போடுவேன்; புகை பூமியைச் சூடாக்குதுன்னு பாடம் நடத்திட்டு வேற எப்படி? சட்டம் வந்துது. அந்த வரம்புக்குள்ள ஓட அந்தப் பழைய நிலையத்தால முடியல. டிசம்பர் முப்பத்தொண்ணு, கடைசிக் கொதிகலனை அணைச்சாங்க. நான் கைதட்டினேன்.

பேச்சை மாத்தலைங்க, அதுக்குத்தான் வரேன். மத்தவங்க படகுத்துறையில இறங்குவாங்க. எனக்குக் கூச்சம்னு சொல்லிட்டு, நான் நாணலுக்கு அந்தப் பக்கம். அங்கதான் மின்நிலையத்து வெந்நீர்க் குழாய் ஏரியில விழும். இருபத்தாறு டிகிரி, அளந்திருக்கேன். அவங்க அலறுவாங்க, நான் பாடுவேன். புகைபோக்கிக்கும் குழாய்க்கும் ஒரே கொதிகலன்தான்னு, இந்தத் தடவை கழுத்து வரைக்கும் இறங்கின பிறகுதான் பௌதிக டீச்சருக்கு உறைச்சுது.

விஷயம் தெரிஞ்சவர் கொதிகலன்காரர் ஜிக்முந்த் ஒருத்தர்தான். அவர் வாயை மூடிக்க ஞாயித்துக்கிழமை தவறாம ஒரு கசகசா கேக் குடுத்துடுவேன். நேத்து பார்க்க வந்தார், வேலை போன மனுஷன், கையில கேக்கு. தானே சுட்டாராம், அடியெல்லாம் நிலக்கரி. இனி மறைக்க என்ன இருக்கு டீச்சர், இந்த ஞாயித்துலேர்ந்து கேக் என் முறைன்னார்.

சரி, குளிர்னே எழுதுங்க. கிராஜினாவையும் மேல வரச் சொல்லுங்க. நல்லாக் கருகின துண்டா அவளுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்.