பதினாலாம் கல்

– கதவை நல்லா சாத்துங்கண்ணே. ஏசி காத்து வெளிய போகுது.

– காத்துக்காகவா சாத்தச் சொல்ற? எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டிருக்க. என்னம்மா... ஜீப்புல கீறல் விழுந்ததைப் பாத்துட்டியா?

– எந்தக் கீறல்?

– அப்ப அது இல்ல. சரி, விடு.

– உக்காருங்க.

– நிக்கிறேன். சுத்துற நாற்காலி டிரைவருக்கு ஆகாது. ரோட்டைப் பாத்து உக்காந்தே பழகிட்டேன்.

– உக்காருங்கண்ணே. கொஞ்சம் நேரமாகும்.

– ...சரி. உக்காந்தாச்சு. சொல்லு.

– இந்தத் திரையில என்ன தெரியுது?

– வைவா வைக்கிறியா எனக்கு? அதெல்லாம் ஆராய்ச்சி பண்ற புள்ளைங்களுக்குத்தானே.

– சொல்லுங்க.

– ஏரி. நாம போன மாசம் அளந்தோமே, அந்த ஏரி. நாப்பது வருஷத்துக்கு முந்தி விமானத்துல போயி எடுத்த படம். கறுப்பா இருக்குறது தண்ணி. இப்ப அதுல பாதி வீடு.

– சிவப்புப் புள்ளி?

– எல்லைக் கல்லுங்க. ஏரி எதுவரைக்கும்னு அந்தக் காலத்துல நட்டு வச்சது. ஒவ்வொரு கல்லு தலையிலயும் நான் கம்பை நட்டுவச்சுப் பிடிச்சேன். கம்பு உச்சியில இருக்குற கருவி வானத்துல சுத்துற சேட்டிலைட்டைக் கேட்டு இடம் சொல்லிச்சு. மொத்தம் இருபத்திரெண்டு கல்லு. பாஸா?

– இந்தக் கல்லையெல்லாம் சேத்து நான் ஒரு கோடு போடணும். நாலு மணிக்கு நம்ம மேப் சென்டர் டைரக்டர் கையெழுத்துப் போட்டு கலெக்டருக்கு அனுப்பிடுவாரு. கோட்டுக்கு உள்ள இருக்குற வீடெல்லாம்...

– தெரியும்மா. காலி பண்ணணும். மாத்து இடம் முப்பது கிலோமீட்டர் தள்ளி. எங்க தெருவுல ரெண்டு மாசமா வேற பேச்சே இல்ல.

– போன மாசம் நாம அளந்ததுல எல்லாக் கல்லும் தண்ணி ஓரத்துல வரிசையா, கச்சிதமா உக்காந்திருக்கு. பதினாலு மட்டும் தெத்துப்பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குதுண்ணே.

– சிக்னல் கோளாறா இருக்கும். மரம் ஏதாவது...

– அங்க மரமே இல்ல.

– சுவரு. சுவத்துல பட்டுத் திரும்பி வந்தா கணக்கு மாறும்னு நீதானே பாடம் எடுப்ப. ஜீப்புல உக்காந்து எத்தனை தடவை கேட்டிருக்கேன்.

– அப்படித் தள்ளினா ஒரு அடி, ரெண்டு அடி தள்ளும். பன்னெண்டு மீட்டரா தள்ளும்? பதினாலாம் கல்லுக்குக் கம்பு யாரு பிடிச்சது?

– எல்லாத்துக்கும் நான்தான். புள்ளைங்க பிடிச்சா காத்துல ஆடுற கொடி மாதிரி ஆடும். என் கை ஆடாதுன்னு டைரக்டரே சொல்லியிருக்காரு. ஒரே ஒரு தடவை. அதுவும் நான் லீவு கேட்டப்போ.

– பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தல. கூட வந்த பொண்ணு, கம்பு சாயலன்னு காட்டுற குமிழி நடுவுல நிக்குதான்னு கேட்டுச்சு. நிக்குதுன்னேன். நின்னுச்சு.

– குமிழி நின்னுச்சு. சரி. கல்லு எங்க?

– கம்புக்கு அடியில.

– கம்போட அடியை ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுப்போம்ல? இது பதினாலு. பாருங்க. கல்லு எங்க இருக்கு?

– புல்லுல மறைஞ்சிருக்கும்.

– சிமெண்டுத் தரையில ஏதுண்ணே புல்லு? ஓரத்துல பாருங்க, நீல டிரம். மூடி உடைஞ்சது. போன வருஷம் உங்க வீட்டுக்கு அண்ணியைப் பாக்க வந்தப்ப நான் இதுலதான் முட்டிக்கிட்டேன். முழங்கால்ல இன்னும் தழும்பு இருக்கு.

– ...அந்த மூடியை மாத்துன்னு அவ சொல்லிக்கிட்டே இருக்கா. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு...

– அண்ணே.

– ம்.

– அந்தப் பொண்ணு எங்க இருந்தா?

– வெயில்னு ஜீப் நிழல்ல நின்னுச்சு. பாவம், காலையில இருந்து சாப்பிடல. அதுமேல தப்பு இல்லம்மா. "அண்ணே, கல்லு மேலதானே?"ன்னு சத்தம் போட்டுக் கேட்டுச்சு. ஆமான்னு நான்தான் பதில் சொன்னேன். போட்டோவும் நான்தான் எடுத்தேன்.

– அதாவது, தெரிஞ்சேதான் தள்ளிப் பிடிச்சீங்க. எனக்குக் கோவம் இல்ல. பயமா இருக்கு. இது வெளிய தெரிஞ்சா டைரக்டரால கூட உங்களைக் காப்பாத்த முடியாது. பன்னெண்டு வருஷ வேலைண்ணே. எனக்குக் கல்யாணம் ஆகி நாலு நாள்ல களப்பணிக்குப் போனப்ப, பத்திரமா கூட்டிட்டு வர்றேன்னு என் வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்தது நீங்க. நான் போயி உங்களைக் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறேன் பாருங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல.

– அழாதம்மா. கண்ணாடியைக் கழட்டித் துடை. யாராவது வந்தா நான் ஏதோ திட்டினேன்னு நினைப்பாங்க.

– வீட்டுக்காகத்தானே செஞ்சீங்க?

– ...ஆமா. வீட்டுக்காகத்தான். ஒவ்வொரு செங்கல்லா நானும் அவளும் சேந்து கட்டினது. மனுஷனுக்கு ஆசை இருக்காதா?

– இருக்கும். அதை நான் தப்பாவே நினைக்கல. ஆனா ஒண்ணு... சிரிக்கக் கூடாது, இருந்தாலும் சிரிப்பு வருது.

– இப்பத்தான் அழுத.

– நீங்க தப்பான பக்கம் நடந்திருக்கீங்கண்ணே.

– எந்தப் பக்கம்?

– இங்க பாருங்க. உங்க தெரு ஏரிக்குள்ள இறங்குற தெரு. மொத்தம் ஒன்பது வீடு. மேட்டுல, ரோட்டைப் பாத்த மாதிரி இருக்குறது உங்க வீடு. அடுத்தது தையற்காரர் வீடு. நிஜமான பதினாலாம் கல்லு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல, சந்துல இருக்கு. கம்பை அங்க பிடிச்சிருந்தா கோடு உங்க சுவத்தை ஒட்டிப் போயிருக்கும். எட்டு வீடு உள்ள. உங்க வீடு மட்டும் வெளிய.

– ஓகோ.

– நீங்க வீட்டைச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்து, டிரம் பக்கத்துல பிடிச்சிருக்கீங்க. தப்பிச்சு நின்ன வீட்டை நீங்களே பிடிச்சு உள்ள தள்ளிட்டீங்க. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதை.

– பதட்டம்மா. பதட்டத்துல கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியல.

– உங்களுக்கா? அடர்ந்த காட்டுக்குள்ள கருவியெல்லாம் செத்துப்போனப்ப, பாறையில படிஞ்ச பாசியைப் பாத்து எங்களை வெளிய கொண்டுவந்த ஆளுக்கா?

– காட்டுல எனக்கு வீடு இல்லையே. சொந்த வாசல்ல நின்னா எல்லாருக்கும் தலை சுத்தும்.

– போன மழையிலயே தெரிஞ்சிருக்கணும்ணே உங்களுக்கு. அந்த எட்டு வீட்டுலயும் இடுப்பளவு தண்ணி. உங்க வீட்டுல கணுக்கால்தான் நனைஞ்சுதுன்னு அண்ணி சொன்னாங்க.

– ஒன்பது குடும்பமும் ரெண்டு நாள் என் மாடியிலதான் இருந்தோம். கடைசி வீட்டு நர்ஸம்மாவோட மாமியாரை நாற்காலியோட தூக்கிட்டு வந்தேன். படியேறும்போது அந்தம்மா என் தலையைத் தடவிக்கிட்டே வந்துச்சு. "நீ இருக்கிற தைரியம்தான்யா எங்களுக்கு"ன்னு... அதை விடு. இப்ப என்ன பண்ணப்போற?

– பண்ணியாச்சு.

– என்னத்தை?

– முந்தாநாள் நான் தலைவலின்னு லீவு போட்டேன்ல?

– ஆமா. மாத்திரை வாங்கித் தரவான்னு போன் பண்ணினேனே.

– தலையும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. நீங்க டைரக்டரைக் கூட்டிட்டு வெளியூர் போற நாளாப் பாத்து, கருவியைத் தூக்கிக்கிட்டு ஆட்டோல உங்க தெருவுக்குத்தான் போனேன்.

– ...தனியாவா?

– தனியா. சந்துல குப்பையை விலக்கிக் கல்லைத் தேடிப் பிடிச்சேன். கம்பையும் நானே பிடிச்சேன். அந்தக் குமிழி இருக்கே, பாவி, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். நீங்க எப்படித்தான் அசையாம நிக்கிறீங்களோ.

– உங்க அண்ணி பாத்தாளா?

– அண்ணி வேலைக்குப் போயிருந்தாங்க. தையற்காரர் சம்சாரம்தான் வெயில்ல நிக்கிறேனேன்னு குடை பிடிச்சாங்க.

– அந்தம்மாவா... என்ன கேட்டுச்சு?

– எதுவும் கேக்கல. தண்ணி குடுத்தாங்க. அண்ணன் ஆபீசுல இருந்து வந்து அளந்தா எல்லாம் நியாயமாத்தான் இருக்கும், நாங்க பயப்படலன்னு சொன்னாங்க. என்னண்ணே, முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?

– ஒண்ணுமில்ல. ஏசி அதிகமா இருக்கு.

– பழைய பதினாலை எடுத்துட்டு, முந்தாநாள் அளந்ததைப் போட்டுட்டேன். தண்ணி ஓரத்துல கச்சிதமா உக்காந்துடுச்சு. முதல்ல அளந்தது சிக்னல் சரியில்ல, அதனால திரும்ப அளந்தோம்னு டைரக்டர்கிட்ட சொல்லியாச்சு. தாள்ல கம்பு பிடிச்சவர்னு ஒரு கட்டம் இருக்குல்ல, பதினாலுக்கு நேரா என் பேரை எழுதிட்டேன். ஒரு பழியும் உங்க மேல வராது. உங்க வீடு தப்பிச்சுது. எனக்காக ஒரு டீயாவது வாங்கித் தாங்கண்ணே. கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க.

– தங்கச்சி... பழைய புள்ளியைத் திரும்பப் போட முடியுமா?

– என்னது?

– இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. எதையோ தட்டினா பழையபடி வந்துடும்னு நீங்கள்லாம் பேசிக்குவீங்களே.

– வரும். ஆனா புரிஞ்சுதான் பேசறீங்களா? பழைய புள்ளியைப் போட்டா உங்க வீடு போயிடும்.

– தெரியும்.

– தெரியுமா?

– போகட்டும்னுதான் கேக்குறேன்.

– முடியாதுண்ணே. நீங்க கேட்டாலும் முடியாது. உங்க வீட்டைக் காப்பாத்தச் சொல்லிக் கேட்டிருந்தாலும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை வரலயேன்னு முந்தாநாள் அந்தச் சந்துலயே நின்னு சாமி கும்பிட்டேன். ஒரு கல்லை ஒருத்தருக்காக நகத்தினா, நாளைக்கு அடுத்தவன் வந்து அடுத்த கல்லை நகத்தச் சொல்லுவான். அப்புறம் இந்த சென்டர் எதுக்கு, நான் எதுக்கு?

– நியாயம்தான். நீ சொல்றது நியாயம்தான்மா. கேட்டிருக்கக் கூடாது.

– எதுக்குக் கேட்டீங்க? தெருவுல பேசுவாங்கன்னா?

– பேச மாட்டாங்க. அதான் கஷ்டமே.

– அப்படியே பேசினாலும் தாள்ல இருக்குறது என் பேரு.

– தாளை யாரு பாத்தா? கம்பு என் கையில இருந்ததைத் தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு.

– பாக்கட்டுமே. கல்லை நட்டது நீங்களா? நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி யாரோ நட்டுட்டுப் போனாங்க. உங்க வீடு மேட்டுல இருக்குறது உங்க அதிர்ஷ்டம். மத்தவங்க பள்ளத்துல போயி கட்டினதுக்கு நீங்க எதுக்குண்ணே வீட்டைக் குடுக்கணும்?

– அதிர்ஷ்டம் இல்லம்மா. முதல்ல வந்தவன் மேட்டைப் பிடிச்சான். அவ்வளவுதான்.

– சரி, முதல்ல வந்தீங்க. அது ஒரு குத்தமா? அவங்க மேல எனக்கும் பரிதாபமாத்தான் இருக்கு. குடை பிடிச்ச கையை நினைச்சா மனசு என்னமோ பண்ணுது. ஆனா ஏரிக்குள்ள வீடு கட்டினது அவங்கதானே? யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து குடிவச்சாங்களா என்ன?

– நான்தாம்மா இழுத்துட்டு வந்தேன். இங்க சேந்த புதுசு... வராந்தாவுல வானத்துல இருந்து எடுத்த படம் ஒண்ணைப் பெரிசா மாட்டியிருந்தீங்க. அதுல இப்ப எங்க தெரு இருக்குற இடம் முழுக்க வெறும் மண்ணு. அது கோடையில எடுத்த படம், மழைக்காலத்துல எடுத்தா வேற மாதிரி இருக்கும்னு டிரைவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? எட்டுப் பேரையும் ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போயி, "நான் மேப் ஆபீசுல இருக்கேன், கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன், இங்க தண்ணியே கிடையாது, தைரியமா கட்டுங்க"ன்னு சொன்னது நான்தான்... இப்ப அவங்க பாத்திரம் பண்டத்தை வண்டியில ஏத்தும்போது, நான் மட்டும் என் வாசல்ல நின்னு வழியனுப்பவா?