செருப்பை மாற்றிப் போட்ட காட்டுப்பேய்

"ஏட்டி, ருஷ்யக் காட்டுப்பேயி செருப்ப இடம் வலம் மாத்தித்தான் போடும். அதான் அதுக்கு அடையாளமே."

கல்லூரிகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்து. சாரலும் டிக்கெட் வாங்காமல் ஏறியிருந்தது. முன் இருக்கையில் இரண்டு மாணவிகள், மடியில் கட்டம் போட்ட தாள்; கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான பேயை அதில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்துகொண்டிருந்தார்கள்.

"மொத்தமே எட்டுக்கு எட்டு கட்டம். தலைக்கே பாதி போயிட்டு. செருப்புக்கு எடம் எங்கன இருக்கு?"

"நாளைக்கு லேப்ல எல்லாரும் இத வச்சுத்தான் வீடியோ கேம் ஆடப்போறாங்க. செருப்பு இல்லன்னா வெறும் வாட்ச்மேன் மாதிரில்லா இருக்கு!"

"வாட்ச்மேனயே ஆடட்டும்."

குற்றாலம் வந்தது. பேயின் செருப்புக்காக வாதாடியவள் படியிலேயே செருப்புகளைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கி, வாத்துபோல் அசைந்து அசைந்து நடந்தாள்.

"ஏட்டி, நிக்காத, நட! பேய்க்குச் செருப்பே வேண்டாம், இந்த நடையப் போட்டாப் போதும்!" தோழி கட்டங்களை நிரப்பியபடியே மழைக்குள் அவள் பின்னால் ஓடினாள்.