தமயந்தியின் நைட்டி

...இங்க தையல் பழகி முடிச்சு சர்ட்டிபிகேட் வாங்க உக்காந்திருக்கிற தங்கச்சிங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். குட்டியா ஒரு கதை. என் மானம் போன கதைதான், அதனால தைரியமா சிரிங்க.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் குழந்தை பொறந்துச்சு. என் மனைவி தமயந்திக்கு அம்மா இல்ல. அதனால பிரசவம் முடிஞ்சதும் எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். ஆபரேஷன் பண்ணி எடுத்த பொண் குழந்தை. இந்த அய்யா யாரு? ஊர் ஊராப் போய் 'தாய்மை'ங்கிற தலைப்புல ரெண்டு மணி நேரம் பேசுறவரு. கேட்டுட்டு அழாத ஆள் கிடையாது. வீட்ல? வெந்நீர் வைக்கச் சொன்னா பாத்திரம் எங்கன்னு கேப்பேன்!

அவ மாசமா இருக்கும்போதே எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. என் குழந்தைக்கு என் கையால தைக்கணும். எதிர்வீட்ல மும்தாஜ் அக்கான்னு ஒரு டெய்லர். அவங்ககிட்ட போனேன். முதல் நாள் நூலே இல்லாம மெஷின ஓட்டி, காகிதத்துல போட்ட கோட்டு மேலயே தைக்கச் சொன்னாங்க. கோடு ஒரு பக்கம் போகுது... நான் ஒரு பக்கம் போறேன்! 'தம்பி, நேரா போங்க தம்பி!' 'நேராத்தான் போறேன்க்கா, காகிதம் வளையுது!'

எப்படியோ ஒரு மாசத்துல, பழைய வேட்டியக் கிழிச்சு ஒரு ஜப்லா, அதான் கைக்குழந்தைச் சட்டை, தைச்சேன். ஒரு கை முழங்கை வரைக்கும் இருக்கு. இன்னொரு கை... விரலத் தாண்டித் தொங்குது. ஆனா எனக்குப் பெருமை தாங்கல! குழந்தை வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாளே பாக்குறவங்க எல்லாரையும் கூப்பிட்டேன். 'வாங்க சார், வந்து பாருங்க, நானே தைச்சது!' ஆபீஸ்காரங்க வந்தாங்க. தெருக்காரங்க வந்தாங்க. என்கூட மேடையில பேசுற பேச்சாளருங்க வேன் வச்சு வந்தாங்க! காலைல ஒரு கூட்டம்... சாயங்காலம் ஒரு கூட்டம். ஜப்லாவக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி... நான் பேசிக்கிட்டே இருக்கேன்.

குழந்தை பொறந்த பன்னெண்டாம் நாள் டாக்டரம்மாகிட்ட போனோம். குழந்தைய எடை மெஷின்ல வச்சாங்க. பொறக்கும்போது மூணு கிலோ. இப்ப... ரெண்டரை.

டாக்டரம்மா முகம் மாறிப்போச்சு. 'ஒரு நாளைக்கு எத்தனை தடவம்மா பால் குடுக்குற?'

தமயந்தி பதில் சொல்றதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். 'அதெல்லாம் நல்லாக் குடுக்குறா டாக்டர்...' அவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க. 'உங்கள நான் கேக்கல.'

தமயந்தி அழ ஆரம்பிச்சா. 'நாலு தடவ... அஞ்சு தடவ குடுப்பேன் டாக்டர். வீட்ல எந்நேரமும் ஆளுங்க. என் நைட்டியக் கழுத்து வரைக்கும் தூக்கினாத்தான் பால் குடுக்க முடியும். எல்லாரும் போகட்டும்னு உக்காந்திருப்பேன். அவங்க போறதுக்குள்ள புள்ள அழுது அழுது தூங்கிடும். இவர்கிட்ட சொல்லலாம்னா... இவர் பேச்ச நிறுத்தினாத்தானே?'

'நாலு நாள் டைம் தர்றேன். எடை ஏறலேன்னா அட்மிட் பண்ணணும்'னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

ஆட்டோல வரும்போது அவ முகத்தப் பாக்க எனக்குத் தைரியம் வரல. ஒன்பது வருஷம் ஏங்கிப் பெத்த குழந்தை... என் பெருமையால பட்டினி கிடந்திருக்கு.

வந்ததும் வாசக்கதவச் சாத்தினேன். அவ நைட்டி ஒண்ண எடுத்துக்கிட்டு மும்தாஜ் அக்காகிட்ட ஓடினேன். அக்கா கேட்டுட்டு, 'இவ்வளவுதானா? மார்புக்கு ரெண்டு பக்கமும் நெட்டுக்கு வெட்டி, பக்கத்துக்கு ஒரு ஜிப் வச்சா முடிஞ்சது. அரை மணி நேர வேலை'ன்னாங்க.

'அப்ப தைச்சுக் குடுங்கக்கா.'

'நான் தைக்க மாட்டேன். உக்காருங்க. உங்க கை ஜப்லாவுக்கு மட்டும்தான் வருமோ?'

தைச்சேன். அரை மணி நேர வேலை, எனக்கு மூணு மணி நேரம்! தைச்சு முடிச்சு நிமிந்தா... ரெண்டு ஜிப்பையும் தலைகீழா வச்சிருக்கேன். மேல இழுத்தாத் திறக்குது, கீழ இழுத்தா மூடுது! அக்கா தலையில கை வச்சுட்டாங்க. நான் பயந்துகிட்டே கொண்டுபோய்க் குடுத்தேன். தமயந்தி போட்டுப் பாத்தா. குழந்தைய மடியில வச்சா. கீழருந்து ஒரு கையால இழுத்தா... திறந்துச்சு. மேல துண்டப் போட்டுக்கிட்டா. குழந்தை குடிக்க ஆரம்பிச்சது.

'தப்பா வச்சுட்டேன் தமயந்தி, பிரிச்சுத் தைக்கவா?'

'வேணாங்க. கீழ கொஞ்சம் திறந்தாப் போதும், மேல மூடியே இருக்கு. இதான் வசதியா இருக்கு. பேசாம உக்காருங்க.'

பேசாம உக்காந்தேன். அவ்வளவு நேரம் பேசாம நான் உக்காந்தது அதுதான் முதல் தடவ!

நாலாம் நாள் எடை பாத்தோம். நூத்தி இருபது கிராம் ஏறியிருந்துச்சு. டாக்டரம்மா சிரிச்சாங்க. நான்தான் அங்கேயே நின்னு அழுதேன்.

இத எதுக்கு இங்க சொல்றேன்? தங்கச்சிங்களா, நாளைக்கு உங்ககிட்ட 'குழந்தைக்கு ஜப்லா வேணும், கொசுவல வேணும்'னு வருவாங்க. தைச்சுக் குடுங்க. ஆனா அந்தக் குழந்தையப் பெத்தவளுக்கு என்ன வேணும்னும் ஒரு வார்த்தை கேளுங்க. இங்க நிக்கிற ஆம்பளைங்களுக்கும் சொல்றேன்... குழந்தை பாக்கப் போனா நேரா தொட்டிலுக்கு ஓடாதீங்க. 'உனக்கு என்னம்மா கஷ்டம்?'னு அந்தப் பொண்ணக் கேளுங்க. கேட்டுட்டு, அவ பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க.

வாயத் திறந்தே பொழைக்கிறவன் சொல்றேன்... கேட்டுக்கங்க.