குளத்தை நானே பார்த்துக்கொண்டேன்

சொந்த வீட்டு நீச்சல் குளத்தைப் பராமரிப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிரமம் இல்லை, சார். பல் தேய்ப்பது மாதிரிதான். தினமும் செய்தால் ஒரு வேலையாகவே தெரியாது. நாலு நாள் விட்டால் நாறிவிடும்.

கொல்லையில் குழி தோண்டத் தொடங்கியபோதே நானும் தயாராகத் தொடங்கிவிட்டேன். ஆள் வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் நான். வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும்போது மயிரிழை தவறினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். அந்தப் பொறுமையில் பாதி போதும் குளத்துக்கு. குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துப் பழகினேன். சோதனைக் குழாயில் கொஞ்சம் மொண்டு, மருந்தைச் சொட்டுவிட்டு, நிறம் மாறுவதைப் பார்ப்பேன். வெளிர் மஞ்சளாக இருந்தால் குளோரின் அளவு சரி. அடர்ந்தால் அதிகம். என் மனைவி குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று சிரிப்பாள்.

"மாசமா இருக்கிறவ தொட்டில் வாங்கி வச்சுட்டுக் காத்திருக்கிற மாதிரி இருக்குங்க உங்க கூத்து."

அவள் சிரிப்பு நல்ல சிரிப்பு. அதை நான் குறை சொல்லவில்லை.

குளத்தை ஒப்படைத்த அன்று கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பம்ப் எப்போது ஓட வேண்டும், மணல் வடிகட்டியை எப்படிக் கழுவ வேண்டும், எந்த வால்வை மூடவே கூடாது என்று. தரை ஒரு பக்கம் இடுப்பளவில் இருக்கும். நடுவில் சட்டென்று சரிந்து, மறுபக்கம் ஆள் உயரத்தைத் தாண்டி இறங்கும். சரிவு தொடங்கும் இடத்தில் குறுக்கே, நீல மிதவைகள் கோத்த கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார்.

"இதை மட்டும் கழட்டிடாதீங்க சார். உங்களைப் பாத்தா குளத்தை நல்லா வச்சுக்கிற ஆளாத் தெரியுது. தண்ணி தெளியத் தெளிய ஆழம் தெரியாது. ஆளை முழுங்குற ஆழம் இருக்கும், பாக்குறவனுக்கு நெஞ்சளவுன்னு தோணும். கலங்கின தண்ணின்னா எவனும் பயப்படுவான். தெளிஞ்ச தண்ணிதான் ஏமாத்திடும்."

எனக்கு அது புதிது இல்லை. கண் காட்டுவதை நம்பி மனிதர்கள் எவ்வளவு தூரம் காலெடுத்து வைப்பார்கள் என்பது தொழில்முறையில் எனக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இனி என் சகலை. மனைவியின் அக்காள் கணவர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலகலப்பான மனிதர். அவர் இருக்கும் அறையில் மற்றவர்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது. குளம் வந்தபின் ஞாயிறு தவறாமல் இருவரும் வந்துவிடுவார்கள். துடைத்துக்கொள்ளும் துண்டுகூட எங்களுடையதுதான்.

"ஏன் சகலை, உனக்கு எதுக்கு இந்த மாரடிக்கிற வேலை? ஒரு ஆளைப் போட்டா முடிஞ்சுது. தொட்டியில நாலு மீனை உசுரோட வச்சுக்கத் தெரியல, உனக்குக் குளம் ஒரு கேடு!"

எல்லோரும் சிரித்தார்கள். மீன்கள் செத்தது உண்மைதான்.

வாலிபத்தில் வெள்ளம் போகும் ஆற்றை நீந்திக் கடந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். குளத்தில் இறங்கினால் அவர் கைவீச்சைப் பார்க்க வேண்டும், கரையெல்லாம் நனையும். ஆனால் என் தண்ணீர் தெளிவானது, சார். மேலே இரண்டு கைகளும் வீசிக்கொண்டிருக்க, கீழே ஒரு கால் மட்டும் தரையைத் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தது. நீலக் கயிறு வந்ததும் திரும்பிவிடுவார். அவருக்கு நீந்தத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் ஒருவரைத் தலைகுனிய வைப்பது என் பழக்கம் இல்லை.

பிறகு ஒரு முறை, நானும் மனைவியும் வெளியூர் போன சமயம் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பம்ப் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அவர் அதை நிறுத்தி வால்வையும் மூடிவிட்டார். மறுபடி போடவில்லை. திரும்பி வந்தபோது என் குளம் பச்சையாக இருந்தது. அடி தெரியவில்லை. ஓரமெல்லாம் வழவழவென்று பாசி.

"என்ன சகலை, குளம் கட்டச் சொன்னா சாயப்பட்டறை கட்டி வச்சிருக்கியே!"

அன்று என் மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மூடியிருந்த வால்வை நான் பார்த்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் திறந்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கோபமெல்லாம் இல்லை. அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு நான் குளத்தைக் கவனித்த மாதிரி யாரும் கவனித்திருக்க முடியாது. சுவரை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தேன். வடிகட்டி மணலையே மாற்றினேன். கடைசியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிந்தது. ஆழமான பக்கத்தில் போட்ட ஒரு சட்டைப் பொத்தான், கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போல் தெரிந்தது.

அந்த ஞாயிறு மதியம் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அக்காளும் தங்கையும் சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்பரப்பில் சலனம் இருக்கக் கூடாது என்று பம்ப்பை முன்பே நிறுத்தியிருந்தேன். கரையில் ஆழத்தைக் குறிக்கும் எண் பதித்த ஓட்டின்மேல் கால்மிதியைப் போட்டேன். பழச்சாற்றை ஆழமான பக்கத்து விளிம்பில் வைத்துவிட்டு, நீண்ட கம்பியில் பொருத்திய வலையால் இலை அள்ளத் தொடங்கினேன்.

இடுப்பளவு நீரில் நின்றபடி சகலை சுற்றிலும் பார்த்தார். "கயிறு எங்க?"

"பாசி புடிச்சிருந்துச்சுண்ணே. கழுவிக் காயப்போட்டிருக்கேன்."

"அந்தப் பக்கம்... எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"நெஞ்சு வரைக்கும் வரும். பாத்தாலே தெரியுதே."

குனிந்து பார்த்தார். தெரிந்தது.

"ஜூஸ் சூடாகுதுண்ணே. ஆத்தையே தாண்டினவரு நீங்க."

அவர் சிரித்தார். பின் கைகளை வீசிக்கொண்டு கிளம்பினார். கால் தரையைத் தட்டியது. மறுபடி தட்டியது. அடுத்த தடவை தட்டுவதற்குத் தரை இல்லை.

மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கத்துவதற்கு மூச்சு வேண்டும். அவர் வாய் மேலே வரும், திறக்கும், தண்ணீர் போகும், இறங்கிவிடும். ஒரு முறை வலையின் விளிம்பைப் பிடித்துவிட்டார். அந்தச் சட்டம் மெல்லிய அலுமினியம், சார், இழுத்தால் வளைந்துவிடும். கம்பியை மெதுவாகத் திருப்பி அவர் விரல்களை விடுவித்தேன். அப்போது என்னைப் பார்த்தார். வால்வைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அதன் பிறகு அடியில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது, ஒரு கலங்கலும் இல்லாமல்.

தண்ணீர் அடங்கியதும் கயிற்றைக் கொக்கிகளில் மாட்டினேன். கால்மிதியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன். பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன்.

கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள். அதோடு விட்டிருந்தால் இன்று நான் ஸ்டேஷனில் உங்கள் எதிரில் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அவரைத் தூக்க அக்கம்பக்கத்து ஆட்கள் தோட்டத்துச் சேற்றுக்காலோடு குதித்துவிட்டார்கள். நீங்கள் வந்து பார்த்தபோது தண்ணீர் பழுப்பாகக் கிடந்தது. பம்ப்பும் ஓடவில்லை. கூடத்தில் அத்தனை பேரும் நிற்க, என்னைப் பார்த்து நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா?

"தெரியாத வேலையை எதுக்கு சார் நீங்களே இழுத்துப் போட்டுக்கிட்டீங்க? பம்ப் ஓடல. தண்ணி அடியே தெரியல. விழுந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சுத்தக் கவனக்குறைவு."

மனைவியின் அக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைத் தூக்கவே இல்லை. என் மனைவிதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபடி சொன்னாள், "அத்தான் அப்பவே சொன்னாரேக்கா, ஒரு ஆளைப் போடச் சொல்லி! இவரு கேட்டாரா?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, சார். செத்த பிறகும் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

அதனால்தான் நானாக வந்திருக்கிறேன். கொன்றது நான். யோசித்து, தயாராகி, செய்தேன். எந்தத் தண்டனையானாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்ணீர் சரியாக இருந்தது. அன்று காலையில்கூடச் சோதித்தேன், வெளிர் மஞ்சள்.

என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அது கவனக்குறைவு இல்லை என்று. கேட்டால் அவள் மனசு ஆறிவிடும்.