பூட்டில் குறையில்லை

கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற வீடுகளில் தேத்தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்வதேயில்லை. சொன்னால் மனம் நோவார்கள். புலம்பெயர்ந்து வந்த எங்கட ஆட்கள் நிறைந்த டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில், கிளடிஸ் அன்ரி இஞ்சி தட்டிப்போட்டுத் தந்தார். தொண்ணூற்றாறு ஐப்பசி. நீங்கள் திகதி கேட்டதால் சொல்கிறேன்.

அன்ரி மன்னார்க்காரி. ஊரில் ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். கண்டவர்களின் பெயர், அவர்கள் இப்போது ஒளித்திருக்கும் இடம், எல்லாம் அதில் இருந்தன. அவருடைய சொந்தத் தம்பி சீமோனும் அவர்களில் ஒருவர். வேறு யாரும் வாசித்தால் அத்தனை பேரும் முடிந்தார்கள். அதனால்தான் கோப்புகளைப் பூட்டிவைக்கும் மென்பொருளைப் போட்டுத்தர என்னைக் கூப்பிட்டார்.

நான் ஒழுங்காக வேலை செய்கிறவன். பூட்டைத் திறக்கும் இரகசிய வசனத்தை வீட்டுக்காரர்தான் அடிக்க வேண்டும். அந்த நேரம் நான் எழுந்து ஜன்னலோரம் திரும்பி நிற்பேன். அன்றும் எழுந்தேன். அன்ரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இரும் அன்புராசா. வீட்டை வந்த எங்கட ஆளை அங்கால திரும்பி நில்லுமெண்டு சொல்லுறதே? நான் சொல்லுறன், நீரே அடியும்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மாதாவிடம் அவர் தினமும் வைக்கும் மன்றாட்டு அது. பூட்டிய கோப்பை மாதாமாதம் ஒரு ஃப்ளொப்பியில் பிரதி எடுத்து, நெருப்புக்கிருப்புப் பிடித்தாலும் தப்பட்டும் என்று என் வீட்டில் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

கார்த்திகையில் எனக்கு ஒரு டெலிபோன் கோல் வந்தது. என் மனைவி நிரூபா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். பேசியவன் அவளுடைய அறை இலக்கத்தைச் சொன்னான். "அன்ரியின்ர டிஸ்க் உங்களிட்டத்தானே அண்ணை இருக்கு?" மரியாதையாகத்தான் கேட்டான். திருப்பி எடுக்க ஓர் இலக்கமும் தந்தான். எந்தப் பக்கத்து ஆள் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போய் நின்றேன்.

நான்காம் நாள் ஒரு பெயர் கொடுத்தேன். ஒரேயொரு பெயர். தை மாதம் இன்னும் இரண்டு. கேட்ட பக்கங்களை மட்டும்தான் திறந்தேன். மற்றவர்களின் அந்தரங்கத்தை வாசிப்பது எனக்குப் பிடிக்காது.

அன்ரி வீட்டுக்கு வழமைபோலப் போய்வந்தேன். ஒருநாள் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மூண்டு பேரைச் சாகடிச்சுப் போட்டாங்கள், அன்புராசா. ஆரோ காட்டிக் குடுக்கினம். பூட்டு சரியாத்தானே கிடக்கு?"

அரை மணித்தியாலம் சோதித்துப் பார்த்தேன். பூட்டில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் சொன்னேன். அவருக்கு நான் பொய் சொன்னதே இல்லை.

பங்குனியில் நிரூபா வந்திறங்கினாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதேன். அதன்பிறகு கோல் வரவில்லை. சித்திரை முழுக்க வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. என்னால் இனிப் பிரயோசனமில்லை என்று முடிவெடுத்துவிட்டார்களோ? எல்லாம் தெரிந்த, பிரயோசனமில்லாத ஒருவனை எவ்வளவு காலம் விட்டுவைப்பார்கள்? தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனாலும் எழுந்துபோய் விளக்கை அணைத்தேன்.

சீமோனின் பெயரை எப்படி மிரட்டி வாங்கினார்கள் என்று கேட்கிறீர்கள். நான் செய்ததெல்லாம் என் மனைவியைக் காப்பாற்றத்தான் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அது வைகாசி மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம். நிரூபா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அந்த முறை அவர்கள் கோல் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.