‘செத்தது’ என்று ஒட்டிய சீட்டு

மேடை ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சீட்டு. இதோ, இந்தப் பழைய கணினியின் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. ‘செத்தது’ என்று எழுதியிருக்கிறது. படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆகவே, அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஈயம் பற்றவைக்கும் சாலிடர் புகையில் கண் சிவந்த கணினிச் சங்கத்துப் பெரியவர்களே, வீடெங்கும் ஒயரை இழுத்துவிட்டவர்களோடு குடும்பம் நடத்தும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். மாமாவின் பழுதுபார்க்கும் கடையில் வேலை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இங்கே நாற்பது பேர். அதனால் கணினியைப் பார்த்தே பேசுகிறேன்.

வாசலில் கழிவு வண்டி நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் இதை ஏற்றிவிடுவார்களாம். ஏன்? இதன் மூளை முப்பத்திரண்டு பிட் செயலியாம்! பழையதாம்! பயனற்றதாம்! கேட்கிறேன்: எழுத மறுத்ததா? பாட மறுத்ததா? போன வாரம்வரை நம் உறுப்பினர் பட்டியலை அச்சடித்தது எது?

யார் கொன்றது என்று சொல்கிறேன். சனிக்கிழமை எங்கள் கடையில் நம் செயலாளர் அண்ணன் இதில் புது இயங்குதளம் ஏற்ற உட்கார்ந்தார். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி.

“என்னப்பா ஆச்சு?” என்றார் மாமா.

“போர்டு போச்சுண்ணே.”

“ஏதோ எழுதியிருக்கே, படிச்சியா?”

“முப்பது வருசமா இதுலயே கெடக்கேன். நான் படிக்கணுமா?”

நான் படித்தேன். ‘இது அறுபத்துநான்கு பிட் பதிப்பு, இந்தச் செயலிக்குப் பொருந்தாது’ என்றிருந்தது. அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்ற கதை! ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அது என் குற்றம்.

அண்ணே, தலையைக் குனியாதீங்க, கோபமெல்லாம் இல்ல!

பின்வரிசையில் யாரோ, “ஆதாரம் இருக்கா பாப்பா?” என்கிறார். பையிலேயே இருக்கிறது ஐயா.

இன்றைய கனத்த இணையப் பக்கங்களைக் கண்டால் இது திணறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கடிதம்? ஒரு பாட்டு? ஒரு சதுரங்க ஆட்டம்? இதுபோன்ற பழைய கணினிகளுக்கென்றே இன்றும் இயங்குதளம் எழுதுகிறார்கள் சிலர். சம்பளத்துக்கா? இல்லை. புகழுக்கா? இல்லை. பிடிவாதத்துக்கு! அந்தப் பிடிவாதத்தின் பெயர்தானே ஆர்வம்? அது போய்விட்டால், நாம் என்ன கணினி ஆர்வலர் சங்கம்?

பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. வாசலில் காத்திருக்கும் வண்டிக்கார அண்ணனுக்கும் நன்றி, வணக்கம்.

இதோ, சீட்டைக் கிழிக்கிறேன். பையிலிருந்து முப்பத்திரண்டு பிட் பதிப்புக் குறுந்தகட்டை எடுத்து உள்ளே வைக்கிறேன். பொத்தானை அழுத்துகிறேன்.