என்னை ஸெனெக் என்று கூப்பிட்டார்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, உங்கள் பெயரைச் சிவப்பு நூலில் தைத்த ஏப்ரனை யாராவது உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்களா? எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் பதினோரு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். க்தான்ஸ்க் கப்பல் பட்டறைக் கேன்டீனில் ஆறு வருடம் இருந்தேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் கடைசி நாள்வரை என்னை "யோவ் நெட்டை" என்றுதான் கூப்பிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் நெட்டைதான்.

அங்கிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து இந்தக் காட்டோர ஊரில் இறங்கினேன். போகுமிவ் ஐயாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக சாசேஜ் போடுகிறது. அவர் வெட்டி, அரைத்து, புகை போடுவார். அவர் மனைவி லுத்விகா அம்மா முன்கடையில் விற்பார். பேத்தி ஹானியாவுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டதும் வந்து எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பாள்.

முதல் நாள் நான் குடலில் இறைச்சியை நிரப்பி முறுக்கியபோது போகுமிவ் ஐயா பின்னால் வந்து நின்றார்.

"ஸெனோன் ஐயா, இது நங்கூரக் கயிறு இல்ல. இவ்ளோ இறுக்கினா அந்தப் பன்னி மறுபடியும் கத்தும்."

"அவர விடுங்க," என்றார் லுத்விகா அம்மா. "மொதல்ல சாப்பிடட்டும். இவ்ளோ ஒல்லியான ஆள வாசல்ல நிறுத்தினா நம்ம கடையில எவன் வாங்குவான்?"

எனக்கு இரண்டு கிண்ணம் சூப் ஊற்றினார்கள். இரண்டாவது கிண்ணத்தை நான் கேட்கவே இல்லை. அன்று அறைக்கு நடந்து போனபோது என் கால் தரையில் பட்டதா என்று சத்தியமாகத் தெரியாது.

ஒரே ஒரு குறைதான். எங்கள் ஜனங்கள் வேலைக்காரனையும் ஐயா போட்டு, நீங்க போட்டுத்தான் பேசுவார்கள். அதைத் தாண்ட ஒரு வழி உண்டு. இரண்டு பேரும் முழங்கையைக் கோத்துக்கொண்டு ஒரே மூச்சில் வோட்காவைக் குடித்து, கன்னத்தில் முத்தமிட வேண்டும். பிறகு சாகும்வரை நீ, வா, போதான். ஸெனோன் என்ற பெயர் ஸெனெக் ஆகிவிடும். என் அம்மா போன பிறகு என்னை ஸெனெக் என்று கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

மே மாதத் தொடக்கத்தில் போகுமிவ் ஐயா ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வாரத்தில் ஹானியா தேவாலயத்தில் முதல் நன்மை அப்பம் வாங்கும் சடங்கு. பூசை முடிந்ததும் அறுபது பேருக்கு விருந்து.

"விருந்துக்கு சாசேஜ் நீங்களே போடுங்க," என்றார். "நான் கை வைக்க மாட்டேன். சொந்தக்காரப் பயலுக வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லட்டும். அன்னிக்கே நாம கையக் கோத்துக்குவோம்."

நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். தொங்கிய பன்றியைக் கட்டிப்பிடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

காட்டுப்பன்றியில் கத்தி வைக்குமுன் சோதனை செய்ய வேண்டும். அது சட்டம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் தசையில் ஒரு துண்டு வெட்டி, ஜாடியில் போட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வேகாமல் தின்றால் ஆளின் சதைக்குள் இறங்கிக் கொல்லும் புழு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அந்த வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

கடை அலமாரியில் போகுமிவ் ஐயாவின் அப்பா வைத்திருந்த பித்தளை உருப்பெருக்கி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அதில்தான் பார்ப்பார்களாம். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அதை எடுத்துப் பளபளவென்று தேய்த்தேன். தேய்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வருடம் கசாப்புக் கூடத்தில் இருந்தவன், முறை தெரியும். தசையில் அரிசியளவு நறுக்கி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தேன்.

கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் வில் போல ஒரு சின்னச் சுருள். தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஒன்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

நிதானமாக யோசித்தேன். சொன்னால், கையுறை போட்டவர்கள் வந்து பன்றியை எரிக்கக் கொண்டுபோவார்கள். விருந்துக்குக் கோழி வாங்குவார்கள். கோழியைத் தின்றுவிட்டு ஒரு புது ஆளை யாரும் புகழ மாட்டார்கள். குளிர் அறையில் பண்ணைப் பன்றி ஒன்று தொங்கியது. அதிலிருந்து அதே தசையை வெட்டி ஜாடியில் போட்டுக் கொண்டுபோனேன். மறுநாள் மருத்துவர் முத்திரை குத்திய தாளைக் கொடுத்தார். லுத்விகா அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். என் குழந்தை வரைந்த படத்தை ஒட்டியது போல இருந்தது.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஜூனிப்பர் காயை இடித்தேன். பூண்டு உரித்தேன். விசிலடித்தேன். ஹானியா மேசை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நன்மை அப்பம் மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டா விரலால எடுக்கலாமா?"

"கூடாது. நாக்காலதான் எடுக்கணும்."

"எனக்குத்தான் முன்பல் இல்லையே."

"நாக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஓட்ட வழியா அப்பம் வெளிய வந்துட்டா?"

நான் சிரித்த சிரிப்பில் லுத்விகா அம்மா முன்கடையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

அந்த வீட்டு சாசேஜை வேகவைப்பதில்லை. குளிர்ந்த புகையில் நாள்கணக்கில் தொங்கவிடுவோம், அவ்வளவுதான். புகையில் அந்தப் புழு சாகாது. எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் தெரியும்.

விருந்தன்று சமையலறையில் லுத்விகா அம்மா கேட்டார்: "ஸெனோன் ஐயா, பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் கொதிக்க வச்சுக் குடுத்துடவா? மெத்துன்னு இருக்கும்."

"வேண்டாம்மா," என்றேன். "கொதிக்க வச்சா ஜூனிப்பர் வாசனை போயிடும்."

"அதுவும் சரிதான்," என்று சட்டியைக் கவிழ்த்துவைத்தார்.

மூன்று நீள மேசை. வெள்ளை உடுப்பில் ஹானியா நடுவில். முதல் துண்டைத் தின்றுவிட்டு போகுமிவ் ஐயாவின் தம்பி எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணே, நாப்பது வருஷமா எங்களுக்கு என்னத்தப் போட்டே? சாசேஜ்னா இதான்யா. இந்த நெட்டை மனுஷனுக்குக் கடைய எழுதிக் குடுத்துட்டு நீ போய் மீன் பிடி."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். போகுமிவ் ஐயா இரண்டு கிளாஸோடு வந்தார். கையைக் கோத்தோம், குடித்தோம். அவர் மீசை என் கன்னத்தில் குத்தியது.

"போகுமிவ்," என்றார் அவர்.

"ஸெனெக்," என்றேன் நான்.

"ஸெனெக், வாயத் தொற." ஒரு துண்டை என் வாயில் திணித்தார். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தபடியே சமையலறைக்குப் போனேன். வாசலில் அவர்கள் நாய் வாலாட்டியது. அதற்குப் போடவில்லை, அடுப்பில் துப்பினேன். வாயில்லாத ஜீவனுக்குக் கெடுதல் செய்கிறவன் இல்லை நான்.

திரும்பி வந்தபோது ஹானியா தட்டை நீட்டினாள். "ஸெனெக் மாமா, எனக்கு இன்னொண்ணு." அது நாலாவது. கொஞ்சம் தடிமனாகவே வெட்டினேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருந்துக்கு வந்தவர்களில் முப்பத்தெட்டுப் பேர் படுத்தார்கள். முகம் வீங்கியது, சதை வலித்தது. போகுமிவுக்கு நோய் இதயத்தில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "ஸெனெக், கடையப் பாத்துக்கடா," என்றான். ஜூன் கடைசியில் போனான். ஹானியா பிழைத்துக்கொண்டாள். இன்னும் படி ஏற முடியவில்லை என்கிறார்கள்.

அவர்கள் மேல் என்ன கோபம் என்று போலீஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். கோபமா. உலகத்தில் எனக்கென்று இருந்தது அவர்கள் மட்டும்தான். அவர்களுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எனக்கு வேண்டியது விருந்து நடந்த ஞாயிற்றுக்கிழமையே கிடைத்துவிட்டது. புகையறையில் இன்னும் இருபத்தாறு கிலோ தொங்கியது. அதை எடுத்து எரித்திருக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தேன். பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஸெனெக் போட்ட சாசேஜ்தான் வேண்டுமாம். எட்டரை மணிக்குள் தீர்ந்துவிட்டது.